எழுதினவன் உரிமை

மும்பை மாநகரின் மாதுங்காப் பகுதியில் கிங்ஸ் சர்க்கிள் என்னும் வட்டப் பூங்கா ஒன்று உண்டு. மஹேஸ்வரி உத்யான் என்று அதற்குப் பெயர் மாறிப் பல ஆண்டுகள் ஆயினும், தமிழர் நாவில் பழைய பெயரே நிலைத்துவிட்டது. 1896ஆம் ஆண்டுப் பிளேக் நோய்க்குப் பின்னர், நெரிசலைக் குறைத்து நகரைச் சீர்படுத்துவதற்காக 1898இல் அமைந்த நகர அபிவிருத்தி டிரஸ்ட் வடக்கே புதிய குடியிருப்புக்களை வகுத்தது. அவ்வாறு வகுக்கப்பெற்ற மனைகளில் உருவான இல்லங்களில், தட்டெழுத்தும் சுருக்கெழுத்தும் கற்றுப் பிழைப்புத் தேடி வந்த தென்னாட்டவர் பலர் குடியேறினர். பின்னர்ப் பள்ளிகள் தோன்றின, சபைகள் தோன்றின. 1952இல் நிறுவப்பெற்ற ஷண்முகானந்த சபை 1963இல் தனக்கெனப் பேரரங்கம் ஒன்றைத் திறந்தது. இப்பகுதியின் அரோரா திரையரங்கில் தமிழ்ப் படங்கள் ஓடியதை இன்றும் நினைவுகூர்வோர் பலர். ஊரை விட்டு வந்தோர்க்குப் பாட்டும் கூத்தும் வெறும் பொழுதுபோக்கல்ல. தாம் இன்னார் என்பதை மறவாதிருக்கும் வழிகளில் அவையும் ஒன்று.

இவ்வட்டாரத்தில் வசிக்கும் பெரியவர் ஒருவர், அலுவலகப் பணியினின்று ஓய்வு பெற்றவர், இளமையில் அமெச்சூர் நாடகங்கள் பல எழுதியவர். ஒரு நாள் மாலை பூங்காப் பெஞ்சில் அமர்ந்திருந்த நம்மை அணுகி, "சார், நீங்கள் சர்க்கார் உத்தியோகத்தில் சட்டதிட்டங்களையெல்லாம் மொழிபெயர்ப்பவர்கள். ஒருவர் எழுதிய கதையை இன்னொருவர் எடுத்துத் தம்முடையது என்று போட்டுக்கொண்டால் எழுதினவன் என்ன செய்வது?" என்று வினவினார். தம் நாடகம் ஒன்றின் சாயலைப் பிறர் மேடையில் கண்ட வருத்தம் அவர் குரலில் இருந்தது. அன்று அவருக்கு இரண்டொரு வார்த்தைகளே கூற இயன்றது. முழு விடை சொல்வதற்குச் சிறிது வரலாறு வேண்டும். அவ்வரலாற்றையே இங்குக் கூற முற்படுகின்றோம்.

ஒருவர் செய்த நூலை அடியொற்றி மற்றொருவர் நூல் செய்வது தமிழ் மரபுக்குப் புதிதன்று. நம் இலக்கண ஆசிரியர்கள் நூல்களை முதனூல் என்றும் வழிநூல் என்றும் பிரித்தனர். நன்னூலார் சார்புநூல் என ஒன்றையும் கூட்டினார். விரிந்ததைத் தொகுத்தல், தொகுத்ததை விரித்தல், இரண்டும் கலந்து செய்தல், மொழிபெயர்த்தல் என வழிநூல் நால்வகைப்படும் என்பது தொல்காப்பிய மரபியல் தரும் செய்தி. மொழிபெயர்ப்பே தொழிலாக உடைய நமக்கு இது பெருமை தரும் இடம். எனினும் அம்மரபில் ஓர் ஒழுங்கு இருந்தது. வழிநூல் செய்பவன் தன் நூல் எதன் வழிப்பட்டது என்பதை மறைத்தானல்லன். வழிநூலுக்குப் பாயிரத்தில் வழியும் கூற வேண்டும் என்பது விதி. கம்பரும் வடமொழியில் இக்கதையைத் தமக்கு முன்னர்ச் செய்தோரைக் குறிப்பிட்ட பின்னரே தம் காப்பியத்தைத் தொடங்குகின்றார். எடுத்தாளுவது குற்றமாகக் கருதப்படவில்லை; எடுத்த இடத்தை மறைப்பதே குற்றமாகக் கருதப்பட்டது.

அச்சுப்பொறி வந்ததும் நிலைமை மாறிற்று. ஓலைச்சுவடியைப் படியெடுக்க நாட்கணக்கில் உழைக்க வேண்டும். அச்சிலோ ஒருவன் எழுத்தை மற்றொருவன் ஆயிரக்கணக்கில் பெருக்கி விற்றுவிடலாம். ஆகவே நூலாசிரியனுக்குச் சட்டத்தின் துணை தேவையாயிற்று. இங்கிலாந்தில் 1710இல் நடைமுறைக்கு வந்த ஆன் அரசியின் சட்டம் இத்துறையில் முதலாவதாகக் கருதப்படுகிறது. இந்தியாவில் கும்பினி ஆட்சிக்காலத்திலேயே, 1847இல், ஒரு சட்டம் பிறந்தது. பல நாடுகள் கூடி 1886இல் பெர்ன் நகரில் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. 1911ஆம் ஆண்டின் ஆங்கிலச் சட்டம் சில மாறுதல்களுடன் 1914இல் இந்தியாவுக்கு உரியதாக்கப்பட்டது. சுதந்தர இந்தியாவின் பாராளுமன்றம் தானே இயற்றிய பதிப்புரிமைச் சட்டம் 1957ஆம் ஆண்டினது. அது 1958 ஜனவரி 21 முதல் நடைமுறைக்கு வந்தது.

இச்சட்டங்கள் ஏட்டில் இருந்த காலத்தில், தமிழ்நாட்டில் ஒரு கேள்வி பெரிதாய் எழுந்தது. அது மகாகவி பாரதியாரின் பாடல்களைப் பற்றியது. 1921 செப்டம்பரில் பாரதியார் மறைந்தபின் அவர் மனைவியார் செல்லம்மாள் தாமே நூல்களை வெளியிட முயன்றார். பின்னர்ப் பதிப்புரிமை உறவினர் நடத்திய பாரதி பிரசுராலயத்திற்குச் சென்றது. பாடல்களை இசைத்தட்டில் பதியும் உரிமை தனியே கைமாறிச் சென்று, முடிவில் பட அதிபர் ஏ. வி. மெய்யப்பச் செட்டியாரிடம் வந்து சேர்ந்தது. 1947இல் வெளிவந்த 'நாம் இருவர்' படத்தில் டி. கே. பட்டம்மாள் பாடிய பாரதி பாடல்கள் நாடெங்கும் ஒலித்தன. மறு ஆண்டு, டி. கே. எஸ். சகோதரர்களின் 'பில்ஹணன்' படத்தில் பாரதி பாடல் ஒன்று இடம்பெற்றபோது, உரிமை பெறாது எடுத்தாண்டதாகச் சட்ட நடவடிக்கை எழுந்தது. 'பாரதியின் பாடல் யாருக்குச் சொந்தம்?' என்ற கேள்வி தெருவெங்கும் பேச்சாயிற்று.

எழுத்தாளர் நாரண துரைக்கண்ணன், நாடகக் கலைஞர் டி. கே. சண்முகம் முதலியோர் முன்னின்று, பாரதியின் எழுத்துக்கள் பொதுவுடைமையாக வேண்டும் என்று கிளர்ச்சி செய்தனர். 1949இல் சென்னை மாகாண அரசாங்கம் உரிமையை ஏற்றது. செல்லம்மாளுக்கும் புதல்வியர் இருவருக்கும் தலைக்கு 5,000 ரூபாயாக 15,000 ரூபாய் வழங்கப்பட்டது. மெய்யப்பச் செட்டியார் ஈடு எதுவும் பெறாமலே தம் உரிமையை விட்டுக்கொடுத்தார். 1955இல் யாவரும் தடையின்றி அச்சிடலாம், பாடலாம் என்ற நிலை வந்தது. ஒரு கவிஞனின் எழுத்தை ஓர் அரசாங்கம் விலை கொடுத்து வாங்கி மக்களுக்கு விடுத்தது அரிய செயல்.

இவ்வரலாற்றில் நாம் கவனிக்க வேண்டுவது ஒன்று உண்டு. பாரதி பாடலை எடுத்தாண்ட எவரும் 'இது என் பாடல்' என்று கூறவில்லை. பெயர் பற்றிய பிணக்கு அங்கு இல்லை. பொருள் பற்றிய பிணக்கே இருந்தது. எழுதினவனுக்கு உள்ளவை இரண்டு உரிமைகள். எழுத்தினால் வரும் ஊதியம் ஒன்று. இஃது இன்னாருடையது என்னும் பெயர் மற்றொன்று. முன்னதை விற்கலாம், கொடுக்கலாம், அரசாங்கம் வாங்கலாம். பின்னதோ அவ்வாறு கைமாறுவதன்று. பூங்காவில் நம்மைக் கண்ட பெரியவரின் வருத்தம் இரண்டாவதைப் பற்றியது. அவ்வகை வழக்குகளுள் இந்திய நாட்டில் தலையாயது, 'ஹம் ஹிந்துஸ்தானி' என்ற நாடகத்தைப் பற்றிய வழக்கு. நம்மைப் போல் வெளிமாநிலத்தில் வாழும் தமிழரே அந்நாடகத்தின் பாத்திரங்கள் ஆதலின், அதனை நாம் விரிவாக அறிதல் தகும்.

தில்லியில் ஆர். ஜி. ஆனந்த் என்றொருவர் இருந்தார். தொழிலால் கட்டடக் கலைஞர், விருப்பத்தால் நாடகாசிரியர். 1953இல் அவர் இந்தியில் 'ஹம் ஹிந்துஸ்தானி' என்ற நாடகத்தை எழுதினார். 'நாம் இந்தியர்' என்பது பெயரின் பொருள். 1954 பிப்ரவரி 6 முதல் 9 வரை புதுதில்லி வேவல் அரங்கில் அது முதன்முறையாக நடிக்கப்பெற்றது. தில்லியில் அடுத்தடுத்து வாழும் ஒரு பஞ்சாபிக் குடும்பமும் ஒரு சென்னைக் குடும்பமும் நாடகத்தில் வருகின்றன. தமிழ்த் தந்தையின் பெயர் சுப்பிரமணியம். இரு குடும்பங்களும் நல்ல நட்போடு இருக்கின்றன. ஆனால் ஒரு வீட்டு மகனும் மறு வீட்டு மகளும் ஒருவரையொருவர் விரும்புகின்றனர் என்று அறிந்ததும் நட்புப் பகையாகிறது. நாடகம் தொடங்குமுன் ஒருவர் மேடையில் தோன்றி, 'நீங்கள் யார்?' என்று கேட்பார். பஞ்சாபி, வங்காளி, குஜராத்தி, மராட்டியர், சென்னைக்காரர் என்று பல குரல்கள் தத்தம் மொழியில் விடை சொல்லும். 'இந்தியன்' என்று சொல்ல ஒரு குரலும் எழாது. மொழிவாரி மாநிலங்கள் பற்றிய வாதம் நாட்டில் சூடேறியிருந்த அவ்வாண்டுகளில் இத்தொடக்கம் மக்களைச் சிந்திக்க வைத்தது. நாடகம் மீண்டும் மீண்டும் மேடையேறியது, கல்கத்தாவுக்கும் சென்றது.

1954 நவம்பரில் ஆனந்துக்கு மும்பையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் பட இயக்குநர் மோகன் சேகல். இருவர்க்கும் நண்பரான பஞ்சாபி நாடகாசிரியர் பல்வந்த் கார்கி வாயிலாகக் கதைச் சுருக்கத்தை அறிந்ததாகவும், படமாக்குவது பற்றி எண்ணிப் பார்க்க நாடகத்தின் பிரதி வேண்டும் என்றும் அவர் எழுதியிருந்தார். தேசிய நாடக விழாவுக்கான ஆயத்தத்தில் ஆனந்த் அப்போது மூழ்கியிருந்தார். 1955 ஜனவரியில், பிரதியை அனுப்ப இயலாது, தில்லிக்கு வந்தால் படித்துக் காட்டுகிறேன் என்று அவர் பதில் விடுத்தார். சேகல் தில்லி சென்றார். ஆனந்த் தம் அலுவலகத்தில் நாடகம் முழுவதையும் படித்துக் காட்டி விளக்கினார் என்பது வழக்கில் அவர் கூறியது. மும்பை சென்று தம் கருத்தைத் தெரிவிப்பதாகச் சொல்லிச் சென்றவரிடமிருந்து பிறகு செய்தி எதுவும் இல்லை.

அவ்வாண்டு மே மாதத்தில் 'நியூ டெல்ஹி' என்ற படம் தயாராகும் அறிவிப்பு வெளிவந்தது. அது தம் நாடகத்தைத் தழுவியது என்று கேள்வியுற்ற ஆனந்த் கவலை தெரிவித்துக் கடிதம் எழுதினார். கதையும் அமைப்பும் பாத்திரங்களும் முற்றிலும் வேறு என்று ஜூன் மாதம் மறுமொழி வந்தது. 1956 செப்டம்பரில் படம் தில்லியில் திரையிடப்பட்டது. கிஷோர் குமாரும் வைஜயந்திமாலாவும் நடித்த அப்படம் நன்கு ஓடியது. ஆனந்த் செப்டம்பர் 9ஆம் நாள் அதைப் பார்த்தார். தம் நாடகமே திரையில் ஓடுவதாக அவருக்குத் தோன்றியது.

படத்தின் கதை இது: வேலை தேடித் தில்லிக்கு வரும் பஞ்சாபி இளைஞன் ஒருவனுக்கு வாடகைக்கு அறை கிடைக்கவில்லை. ஒவ்வொரு வீட்டுக்காரரும் தம் மாகாணத்தாருக்கே இடம் என்கிறார். முடிவில் அவன் தமிழனாக வேடம் பூண்டு, 'ஆனந்த் குமாரசாமி' என்று பெயர் சொல்லி, ஒரு தமிழ் இல்லத்தில் அறை பெறுகிறான். அவ்வில்லத்துப் பெண் ஜானகியை விரும்புகிறான். உண்மை வெளிப்படப் பூசல் எழுகிறது. அவன் தங்கை ஒரு வங்காள ஓவியரை விரும்புவது கிளைக்கதை. வரதட்சிணைக் கொடுமையும் இடையே வருகிறது. இங்கும் தமிழ்த் தந்தையின் பெயர் சுப்பிரமணியம் என்பதே. வேறு மாநிலத்தில் வீடு தேடியலைந்த நம்மில் எவரும் அப்படத்தின் முற்பகுதியைப் பார்த்துச் சிரிக்காமலும் இருக்க இயலாது. சிரித்தபின் சற்றே மௌனமாகாமலும் இருக்க இயலாது.

ஆனந்த் நஷ்ட ஈடும் தடையுத்தரவும் கோரித் தில்லியில் வழக்குத் தொடுத்தார். மாவட்ட நீதிமன்றம் தள்ளிற்று. தில்லி உயர்நீதிமன்றமும் 1967இல் தள்ளிற்று. மனம் தளராது அவர் உச்சநீதிமன்றத்தை அடைந்தார். அங்கே அவர் வழக்கறிஞர்கள் ஒற்றுமைகளை வரிசையிட்டுக் காட்டினர். நாடகத்தின் தொடக்கத்தில் பல மாகாணக் குரல்கள் எழுவது, படத்தில் பல மாகாண வீட்டுக்காரர்கள் கதவைச் சாத்துவதாக மாறியிருப்பதை எடுத்துரைத்தனர். சுப்பிரமணியம் என்ற பெயர் ஒன்றாயிருப்பதைச் சுட்டினர். 1978 ஆகஸ்டு 18ஆம் நாள் தீர்ப்பு வந்தது. முர்தசா ஃபசல் அலி, ஜஸ்வந்த் சிங், ஆர். எஸ். பாடக் ஆகிய மூன்று நீதிபதிகளும் மேல்முறையீட்டைத் தள்ளினர். படம் வெளிவந்து இருபத்திரண்டு ஆண்டுகள் கடந்திருந்தன.

தோல்வியுற்ற ஒரு வழக்கைப் பற்றி இவ்வளவு கூறுவானேன் என்று நேயர்கள் கேட்கலாம். அத்தீர்ப்பில் ஃபசல் அலி அவர்கள் வகுத்த நெறிகளே இன்றுவரை இந்நாட்டில் இத்துறைக்கு அடிப்படையாக நிற்கின்றன. அவற்றின் சாரத்தை நம் சொற்களில் கூறுவோம். கருத்துக்கும், கதைப்பொருளுக்கும், வரலாற்று நிகழ்ச்சிக்கும், புராணச் செய்திக்கும் எவரும் தனியுரிமை கொண்டாட முடியாது. அக்கருத்தை ஓர் ஆசிரியர் சொல்லும் வடிவம், முறை, அடுக்கு ஆகியவற்றுக்கே பாதுகாப்பு உண்டு. ஒரே பொருளைப் பற்றி இருவர் எழுதினால் சில ஒற்றுமைகள் தாமே வரும். அவை அடிப்படையானவையா, மேலெழுந்தவையா என்பதைப் பார்க்க வேண்டும். இரண்டையும் படித்த அல்லது பார்த்த ஒருவருக்கு, பின்னது முன்னதன் நகலே என்ற ஐயமற்ற எண்ணம் எழுமாயின் அது களவு. பொருள் ஒன்றாயினும், வேறு வகையில் வளர்த்துப் புதிய படைப்பாக்கியிருந்தால் களவன்று. களவு என்று சொல்பவர் அதனைத் தெளிவான சான்றால் மெய்ப்பிக்க வேண்டும். நாடகத்துக்கும் திரைப்படத்துக்கும் இடையே இதை மெய்ப்பிப்பது இன்னும் கடினம். திரையின் பரப்பு பெரிது.

இந்நெறிகளை வைத்து நோக்கும்போது, வீட்டு வாடகை பற்றிய வேற்றுமை உணர்ச்சி, வரதட்சிணைப் பிரச்சினை முதலியன படத்தில் உண்டு, நாடகத்தில் இல்லை என்று நீதிபதிகள் கண்டனர். நாடகத்தில் மாகாண உணர்ச்சி திருமணத்தின்போது மட்டுமே தலைதூக்குகிறது. படத்தில் அது வேறு உருவங்களிலும் வருகிறது. ஆகவே படம் நகலன்று என்பது முடிவு.

எனினும் நீதிபதி பாடக் அவர்கள் தனியே எழுதிய சிறு குறிப்பு ஒன்று உண்டு. இவர் பிற்காலத்தில் நாட்டின் தலைமை நீதிபதியானவர். படக்கதை எழுதியோர் நாடகத்தின் அமைப்பை அறிந்திருந்தனர் என்பதில் ஐயம் அதிகம் இல்லை என்றும், அதன் முக்கியக் கூறுகள் ஓரளவு அவர்களைப் பாதித்திருப்பதாகத் தமக்குத் தோன்றுகிறது என்றும் அவர் எழுதினார். பிறர் உழைப்பைக் கவர நினைப்பவன், அதைச் சுற்றி மேலும் பலவற்றைச் சேர்த்து விரித்து, பொதுவான பகுதியில் சில மாற்றங்களைச் செய்து, களவை மறைத்துவிடக் கூடும் என்றும் எச்சரித்தார். கீழ் நீதிமன்றங்கள் இரண்டும் ஒருமுகமாகக் கண்ட உண்மைகளை மீண்டும் புரட்டிப் பார்க்க இடமிருந்திருந்தால், தாம் மாறுபட்டிருக்கவும் கூடும் என்பதைக் குறிப்பால் உணர்த்தி, முடிவில் மற்ற இருவரோடும் இசைந்தார். இருபத்திரண்டு ஆண்டு அலைந்த ஆனந்துக்கு அக்குறிப்பு எவ்வளவு ஆறுதல் தந்திருக்கும் என்று நாம் அடிக்கடி எண்ணுவதுண்டு.

வகுத்த நெறி சரியானதா? நம் கருத்தில் நெறி சரியே. பஞ்சாபியும் தமிழரும் அண்டை வீட்டில் வாழ்வதும், பிள்ளைகள் மனம் ஒன்றுவதும், பெரியோர் சினப்பதும் ஒருவருக்கே உரிய கதையென்று பூட்டிவிட்டால், பிறகு அதைப் பற்றி வேறெவரும் எழுதவே முடியாது. வெளிமாநிலத்தில் வாழும் துயரமும் வேடிக்கையும் நம் எல்லோருக்கும் பொது. 1960களின் பிற்பகுதியில் இம்மும்பையிலேயே தென்னிந்தியருக்கு எதிராகக் கிளர்ச்சி எழுந்த காலத்தை முதியோர் அறிவர். அன்று அதைப் பற்றி நூறு நாடகங்கள் தோன்றியிருப்பினும் தகும். கருத்துக்குக் காவல் போட்டால் இலக்கியம் வற்றிவிடும். ஆனால் நெறி சரி என்பதனால், தம் அலுவலகத்துக்கு அழைத்துக் கதை சொன்னவனுக்கு ஒரு நன்றிச் சொல்லும் வேண்டாம் என்று ஆகிவிடாது. சட்டம் தண்டிக்காத செயல்கள் எல்லாம் முறையான செயல்கள் ஆகா. முன்னோர் பாயிரத்தில் வழி கூறச் சொன்னது நீதிமன்றத்துக்கு அஞ்சியா? அன்று, கடன்பட்டதை ஒப்புக்கொள்வது அறிஞர்க்கு அழகு என்று கருதியமையால்.

பிற்காலத்தில் சட்டம் எழுதினவன் பக்கம் பல படிகள் நகர்ந்தது. 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின் 57ஆம் பிரிவு, உரிமையை விற்றுவிட்ட பின்னும் 'இது என் படைப்பு' என்று கூறும் உரிமையையும், அதனைச் சிதைத்தால் எதிர்க்கும் உரிமையையும் ஆசிரியனுக்குத் தருகிறது. பெயர் கைமாறாது என்று முன்னர்க் கூறினோமே, அதனைச் சட்டமும் ஏற்றிருக்கிறது. ஆசிரியன் மறைவுக்குப்பின் ஐம்பது ஆண்டுகளாக இருந்த பாதுகாப்புக் காலம், தாகூரின் நூல்கள் 1991இல் உரிமை இழக்கும் தறுவாயில், 1992ஆம் ஆண்டுத் திருத்தத்தால் அறுபதாக உயர்ந்தது. 1977இல் உச்சநீதிமன்றம் திரைப்பாடல்களின் உரிமை பெரும்பாலும் தயாரிப்பாளருக்கே சேரும் என்று தீர்ப்பளித்தபோது, நீதிபதி கிருஷ்ணய்யர் கலைஞர்பால் பரிவு கொண்டு தனிக் குறிப்பு எழுதினார். முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின், 2012ஆம் ஆண்டுத் திருத்தம், பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் திரையரங்கிற்கு வெளியே தம் படைப்புக்குக் கிடைக்கும் ஊதியத்தில் பங்கு பெறும் உரிமையை, அவர்களே விற்க நினைத்தாலும் விற்க முடியாதபடி உறுதி செய்தது.

இனி, பூங்காப் பெரியவருக்கு நாம் சொல்லக் கடவது யாது? முதலாவது, எழுதி முடித்த கணமே உரிமை பிறந்துவிடுகிறது. பதிவு செய்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆயினும் பதிவு நல்ல சான்று. கதையைச் சொல்வதற்கு முன் எழுத்தில் வடித்து நாளிட்டு வைத்தல் நன்று. ஆனந்தின் வழக்கில் நாட்கள் வரிசையாய் நிற்பதற்குக் காரணம், இரு தரப்பும் எழுதிய கடிதங்கள் இருந்தமையே. இரண்டாவது, வெளிமாநிலத்தில் வாழ்வோர் அறிய வேண்டிய வசதி ஒன்று உண்டு. களவு எங்கு நடந்தாலும், தாம் வசிக்கும் இடத்திற்குரிய மாவட்ட நீதிமன்றத்திலேயே வழக்குத் தொடுக்கச் சட்டத்தின் 62ஆம் பிரிவு இடந்தருகிறது. வேறு ஊருக்கு அலைய வேண்டுவதில்லை. மூன்றாவது, அறிந்தே களவு செய்தவர்க்கு ஆறு மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கவும் இடமுண்டு. நான்காவது, இவையெல்லாம் இருப்பினும், முதலில் எடுக்க வேண்டியது வழக்கறிஞரின் நோட்டீஸ் அன்று, ஒரு கடிதமே.

இதனை நம் சிறு அனுபவத்தால் சொல்கின்றோம். சில ஆண்டுகளுக்கு முன், ஒரு சங்கத்தின் ஆண்டு மலருக்கு மாதுங்காவின் சபைகள் பற்றி ஒரு கட்டுரை எழுதினோம். அச்சில் ஒரு பிழை நேர்ந்தது. அரங்கம் திறந்த 1963 என்பது 1936 ஆகிவிட்டது. மறு ஆண்டு வேறோர் ஊரிலிருந்து வந்த மலரில் அதே கட்டுரை வேறொருவர் பெயரில் இருந்தது. பத்திகள் சில இடம் மாறியிருந்தன. சொற்கள் சில மாறியிருந்தன. 1936 மட்டும் அப்படியே இருந்தது. நம் சொற்களை எடுத்தவர் நம் பிழையையும் சேர்த்தே எடுத்துக்கொண்டார். அன்றிரவு சினத்தோடு நான்கு பக்கக் கடிதம் எழுதினோம். காலையில் அதைக் கிழித்துவிட்டு நான்கு வரியில் மற்றொன்று எழுதினோம். கட்டுரை வந்த இதழையும் நாளையும் குறிப்பிட்டு, ஆண்டு தவறு என்பதையும் தெரிவித்து, அடுத்த மலரில் திருத்தம் வெளியிடக் கோரினோம். நல்ல செய்தி நாலு பேருக்குச் சேரட்டும் என்றே வெளியிட்டதாக முதலில் பதில் வந்தது. நாம் விடவில்லை, மீண்டும் எழுதினோம். அடுத்த மலரின் கடைசிப் பக்கத்தில் இரண்டு வரித் திருத்தம் வந்தது. ஆண்டும் சரியாயிற்று; பெயரும் சரியாயிற்று. அதற்குமேல் நாம் ஒன்றும் வேண்டவில்லை.

அலுவலகத்தில் நாள்தோறும் நாம் பெயர்க்கும் பக்கங்களில் நம் பெயர் இராது. ஊழியத்தின்போது செய்த பணிக்கு உரிமையாளர் அரசாங்கமே என்பது சட்டம். அதை அறிந்தே இத்தொழிலை ஏற்றோம். அதில் வருத்தமில்லை. மாலையில் வீட்டில் அமர்ந்து நமக்கென எழுதிய ஒரு கட்டுரையில் பெயர் நீங்கியபோதுதான் அதன் அருமை விளங்கிற்று. மனமுவந்து விட்டுக்கொடுத்த பெயருக்கும், கேளாமல் எடுத்துச் செல்லப்பட்ட பெயருக்கும் உள்ள வேறுபாட்டைப் பூங்காப் பெரியவர் நமக்கு முன்பே அறிந்திருந்தார்.

நீதிமன்றத் தீர்ப்புகளை எவரும் தடையின்றிப் படியெடுக்கலாம் என்பது பதிப்புரிமைச் சட்டம் தரும் சலுகை. ஆகவே 1978ஆம் ஆண்டுத் தீர்ப்பு சட்டநூல்கள்தோறும் மறுபதிப்பாகிறது. கதைக் களவு பற்றிய வழக்கு இந்நாட்டில் எங்கு எழுந்தாலும், இரு தரப்பு வழக்கறிஞர்களும் நீதிபதியும் அதனையே எடுத்தாளுகின்றனர். அதை அவர்கள் குறிப்பிடும் பெயர் 'ஆர். ஜி. ஆனந்த் வழக்கு' என்பது. 'ஹம் ஹிந்துஸ்தானி'யைப் பார்த்தவர்கள் இன்று மிகச் சிலரே இருக்கக்கூடும். தம் நாடகத்தின்மீது தம் பெயரை நிலைநாட்ட இருபத்திரண்டு ஆண்டுகள் போராடித் தோற்றவரின் பெயர், எழுதுவோர் அனைவரையும் காக்கும் நெறியின் பெயராக நின்றுவிட்டது.

பெரியவரை மறுபடி கண்டபோது இவற்றையெல்லாம் சொன்னோம். பொறுமையுடன் கேட்டவர், "அப்படியானால் நான் முதலில் என் நாடகத்தைத் தேடி எடுத்து ஒழுங்காகப் பிரதி எழுதி வைக்க வேண்டும்" என்றார். ஆம், அதுவே முதற்கடமை. தம் எழுத்தைத் தாமே போற்றி வைத்திராதவர்க்குச் சட்டம் செய்யக்கூடிய உதவி சிறிதே. அடுத்த வாரம் அவர் கையில் ஒரு பழைய நோட்டுப் புத்தகம் இருந்தது. முதற் பக்கத்தில் நாடகத்தின் பெயரும், அதன் கீழ் அவர் பெயரும், எழுதிய ஆண்டும் தெளிவாக இருந்தன.